கழுத்தளவு தண்ணி

நில்லுங்க மாமா! அந்தக் காலத் தூக்காதீங்க. நிக்கிற படியிலயே நில்லுங்க. அதுக்குக் கீழ படி கெடையாது.

தெரியுது, எனக்கும் அக்கா மோதிரம் தெரியுது. வெயில்ல மின்னிக்கினு கெடக்குது. கைய நீட்டுனா எடுத்துடலாம் போலதான் இருக்குது. அதான் வம்பே.

கழுத்தளவுதானா? யாரு சொன்னா? உங்க கண்ணு சொல்லுது. உங்க சேத்தியாத்தோப்புப் பக்கம் ஏரி, வாய்க்கா எல்லாம் டீத்தண்ணி கலரு. தரை தெரிஞ்சுதுன்னா முட்டிக்கால் தண்ணின்னு எறங்கிடுவீங்க. எங்க ஊரு ஏரிக்கும் அந்தக் கணக்குதான். ஆனா இந்தத் தொட்டியில வுழறது நிலக்கரி மைன்ஸுலேருந்து பம்ப் பண்ணி வுடுற தண்ணி மாமா. பூமிக்குள்ளேருந்து நேரா வருது, கண்ணாடியாட்டம். எவ்ளோ ஆழமா இருந்தாலும் தரை தெரியும். அத நம்பி எறங்குனா போய்ச் சேர வேண்டியதுதான்.

சிரிக்காதீங்க. ஆமா, ப்ளஸ் ஒன்னுல பாதியில நின்னவதான். புடிக்கல, நின்னுட்டேன். அதுக்காக தண்ணி என்ன ஆழத்தக் கொறச்சுக்குமா? இதெல்லாம் உங்களுக்கும் சொல்லிக் குடுத்திருப்பாங்க. கிண்ணத்துல காசு போட்டு, காசு மறையிற வரைக்கும் பின்னால தள்ளிப் போயி நிப்போமே? அப்புறம் தண்ணி ஊத்துனா காசு மேல வந்து தெரியுமே? காசு எங்கியும் வரல, வெளிச்சந்தான் தண்ணிய வுட்டு வெளிய வர்றப்ப மடங்குது. கண்ணு ஒரு முட்டாளு. நேராத்தான் வந்துச்சுன்னு நம்பிக்கினு, காசத் தூக்கி மேல காட்டுது. நேரா மேலேருந்து பாத்தாலே ஏமாத்தும். நீங்க சாஞ்சு வேற பாக்குறீங்க, இன்னும் மோசம்.

சரி, நான் சொன்னா நம்ப வேணாம். தோ, முந்திரி பறிக்கிற தொரட்டுக்கோலு கெடக்குது. உங்கள வுட ஒசரம். உள்ள வுடறேன், பாருங்க. ஒடிஞ்ச மாதிரி தெரியுதா? ஒடியல. போவுது... போவுது... என் கை நனையுது மாமா, இன்னும் தரை தட்டல. இப்ப சொல்லுங்க, உங்க கழுத்து எங்க இருக்குது?

அய்யோ, நவுறாதீங்கன்னேன்! பாசி மாமா, பாசி. அப்படியே சொவரப் புடிச்சிக்கினு நில்லுங்க.

நீச்சலா, எனக்கா? தெரியாது. உங்களுக்கும் தெரியாதுன்னு நிச்சயத்தன்னிக்கே உங்கம்மா பெருமையா சொன்னாங்க, எம்புள்ள தண்ணிப் பக்கமே போவ மாட்டான்னு. பம்ப் ஆப்பரேட்டர் அய்யனார் அண்ணன நாலு வாட்டி கூப்புட்டுப் பாத்துட்டேன், மோட்டார் சத்தத்துல அவருக்குக் காதே கேக்கல. இப்ப இந்தக் கோலும் நானுந்தான். நுனியப் புடிங்க, மெதுவா மேல வாங்க. எங்கக்காவக் கட்டிக்கப் போறவரு என் கண்ணு முன்னாலயே போயிட்டாருன்னா நான் யாருக்கு என்ன பதில் சொல்லுவேன்?

அக்கா அழுவுறா, எனக்கும் தெரியுது. பைக்குகிட்ட நின்னுக்கினு, மூஞ்சத் திருப்பிக்கினு. அழுவட்டும், வுடுங்க.

போன வாரம் நிச்சயத்துல போட்ட மோதிரம் அதுக்குள்ள போயிடுச்சுன்னா உங்கம்மா சகுனம் அது இதுன்னு ஆரம்பிப்பாங்க, எங்கக்கா கிருஷ்ணப்ரியா பாவம், அதான? பேச்சு கேக்கப் போறது அவதான, நீங்க இல்லியே. அவ கேட்டுக்குவா. நீங்க மேல வாங்க.

என்னது, ஒரே மூச்சுல முங்கி எடுத்துக்கினு வந்துடுவீங்களா? வேணாம் மாமா. முங்கத் தெரியாதவரு எப்படி மேல வருவீங்க? வேணாம்னா கேளுங்க. கால உள்ள வைக்காதீங்க. மாமா! மாமா!

சரி, நில்லுங்க. சொல்லிடறேன். அவ என்ன வெட்டிப் போட்டாலும் போடட்டும்.

அது நழுவி வுழல.

செல்ஃபி எடுக்கறதுக்கு நீங்க அந்தக் கட்டையில ஃபோன சாத்தி வச்சிக்கினு இருந்தீங்கள்ல, அப்ப அக்காதான் கழட்டுனா. கழட்டி, கொஞ்ச நேரம் உள்ளங்கையில வச்சிருந்தா. அப்புறம் தண்ணியில போட்டுட்டா. நான் பக்கத்துலதான் கால நனைச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். நீங்க எறங்குவீங்கன்னு அவ நெனைக்கல. எறங்குனதப் பாத்துதான் அழுவுறா. அந்த அழுவ மோதிரத்துக்கு இல்ல.

உங்க மேல ஒரு கொறையும் இல்லியாம். நல்லவருதான்னு அவளே சொன்னா. அப்பாகிட்ட இந்தக் கல்யாணம் வேணாம் வேணாம்னு எத்தினியோ வாட்டி சொல்லிப் பாத்தா. பர்மனெண்ட் வேலையில இருக்கற மாப்ள, வாய மூடுன்னுட்டாரு.

கீழ பாக்காதீங்க மாமா. என்னப் பாருங்க. கோலப் புடிங்க... ம்... அது அங்கியே கெடக்கட்டும்.