பெரியவங்க பேசி முடிச்சப்பறம் பாட்டு

அய்ய, அழாத கண்ணு… அழாத. உங்கம்மா எங்கயும் ஓடிப்போவல. தோ, இந்தக் கதவுக்கு அந்தாண்டதான் கீது. சப் கலெக்டரு ஐயாவாண்ட பேசிகினு கீது. இப்ப வந்துரும்.

பாரு, எனக்கும்தான் அழுவ வருது. நான் அழறனா? உள்ள போயி பேசறதுக்குன்னே எல்லாத்தியும் மனப்பாடம் பண்ணிகினு வந்தவன் நானு. "பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே"ன்னு ஆரம்பிச்சா அப்டியே ஆறு மாதிரி ஓடும். வாசப்படியில வெச்சி உங்கம்மா இன்னா சொல்லிச்சி? "அண்ணே, இவள புடிச்சிகினு வெளிய குந்துங்க. உள்ள நானே பேசிக்கறேன்." எப்டி கீது கத! ஊருல இந்தக் கோதண்டராமன் ஏறாத மேடை கீதா? வியாபாரிங்க சங்கத்துச் செயலாளரு! காதுகுத்தா, கும்பாபிசேகமா, இஸ்கூல் ஆண்டு விழாவா… கூப்ட்டாலும் சரி, கூப்புடாங்காட்டியும் சரி, வரவேற்புர நான்தான். அப்பேர்ப்பட்டவன செங்கல்பட்டுக்கு இட்டாந்து கொழந்தய புடிக்க வெச்சிட்டாங்க.

எல்லாம் அந்தக் கச்சேரியால வந்த பேஜாரு. நீயும்தான் அங்க இருந்த. பால குட்ச்சிட்டு நல்லா தூங்கிகினு இருந்த. சொல்றேன் கேளு. வேற எவனும் கேக்க மாட்றான்.

யாரு ஆரம்பிச்சது? நானா? வக்கீலம்மா தமிழ்ச்செல்வி. நம்ம கடைக்கு வந்துச்சி. "அண்ணா, பாலாத்தங்கர செங்கல் சூளையில முன்பணம் குடுத்துட்டேன்னு சொல்லி வேல செய்யற ஜனங்கள வெளிய விடாம வெச்சிருக்காங்க. சின்னப்பொண்ணுன்னு ஒருத்தங்க பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, கொழந்தயோட தப்பிச்சி வந்துட்டாங்க. புருசன் உள்ளயே மாட்டிகிட்டு இருக்காரு. ஊரே அவங்க பக்கம் நின்னாதான் வேல நடக்கும். பீச்சாண்ட ஒரு பாட்டுக் கச்சேரி வெப்போம், ஜனங்க வருவாங்க, நாலு பேருக்கு மனசுல ஒறைக்கும். நீங்க எடமும் பிளாஸ்டிக் சேரும் பாத்துக் குடுங்க, போதும்"ன்னுச்சி.

போதும்னா வுட்ருவனா நானு?

மேடைன்னா ஒரு மரியாதி வேணாமா? சிறப்பு விருந்தினரு இல்லாத மேடையில காக்காகூட குந்தாது. ரிசார்ட்டுக்காரரக் கூப்ட்டேன். அவரக் கூப்ட்டா லாட்ஜுக்காரரு கோச்சிப்பாரு, அவரையும் கூப்ட்டேன். அப்பால படகுக்காரங்க தலைவரு மூஞ்சத் திருப்பிகினாரு… அவரும் வந்தாரு. எல்லாரு மூஞ்சியும் பேனர்ல போட்டேனா, "மனித உரிமை"ன்னு எழுத எடமே இல்ல. கீழ மூலையில எறும்பு சைசுல போட்டாங்க. வக்கீலம்மா கண்ணாடிய கயட்டித் தொட்ச்சி மாட்டிகினு படிச்சிச்சி. அப்பால என்ன ஒரு பார்வ பாத்துச்சி.

நாவலூர்லேர்ந்து ஐ.டி. கம்பெனில வேல பாக்கற பசங்க வந்தானுங்க பாடறதுக்கு. அபிஷேக்னு ஒருத்தன்தான் அவுங்களுக்குத் தல. கிடாரு, ட்ரம்சு, இன்னா இன்னாமோ எட்த்துனு வந்தானுங்க. மேடை ஃபுல்லா சோபா போட்டுட்டேன், விருந்தினருங்க குந்தறதுக்கு. பசங்கள பின்னாடி ஜெனரேட்டராண்ட நிக்க வெச்சேன். நானே போயி அபிஷேக்குக்கு ஒரு பொன்னாடையப் போத்தினேன், கிடாரோட சேத்து. "அண்ணா, எப்ப பாடணும்?"ங்கறான். "இருப்பா, பெரியவங்க ரெண்டு வார்த்த பேசட்டும்"ன்னேன்.

பேசுனாங்க பாரு! லாட்ஜுக்காரரு, அவுங்க அப்பா கையில ஒரு தகரப் பெட்டியோட ஊருக்கு வந்ததுலேர்ந்து ஆரம்பிச்சாரு. படகுக்காரரு எந்திரிச்சி, மனித உரிமைன்னா இன்னான்னு கேட்டுட்டு, அவரு வூட்டு வாசல்ல குப்ப வண்டி நிக்கறதுதான் உரிம மீறல்னாரு. ஜனங்க கையத் தட்டுனாங்க. முடிச்சிட்டாருன்னு நெனச்சி தட்டுனாங்க. அவரு இன்னும் கேக்கறாங்கன்னு நெனச்சிகினாரு.

மைக் செட்டு நம்ம நௌஷாத்துது. "அண்ணாத்த, ஒம்பது மணியோட பெர்மிசன் முட்ஞ்சிட்சி, போலீசு நிக்கறாங்க"ன்னு டப்புனு சுச்ச அணைச்சிட்டான். ஒரு பாட்டு… ஒரே ஒரு பாட்டுகூட பாடல! அபிஷேக் பொன்னாடையோட நிக்கறான். ஜனங்க செருப்ப தேடறாங்க. எல்லாம் அந்த லாட்ஜுக்காரரால…

இன்னா அப்டி பாக்கற? வக்கீலம்மா மாதிரியே பாக்கற.

சரி. ஒன்னாண்ட சொன்னா இன்னா, நீ யாராண்ட போயி சொல்லப்போற. லாட்ஜுக்காரரு கொஞ்ச நேரம்தான் பேசுனாரு. படகுக்காரரு அதவிடக் கொஞ்சம். வரவேற்புரதான்… லேசா நீண்டுட்சி. வந்தவங்கள ஒவ்வொருத்தரா வரவேற்கணுமில்ல? அவுங்க தாத்தனுங்க பேரச் சொல்லணுமில்ல? நடுவுல கடல் அன்னைய வரவேற்றேன். கல்லு செதுக்குன பல்லவ ராசாக்கள வுட்டா தப்பாப் பூடும்னு அவுங்களையும் ஒரு எட்டு வரவேற்றேன். மொதல் விருந்தினரு கைக்கு மைக்கு போவ சொல்லவே எட்டர மணி. தோ பாரு, மைக்கு கையில வந்துட்சின்னா எனக்கு ஒண்ணியும் புரியாது கண்ணு. அது ஒரு மாதிரி சீக்கு.

அப்பதான் உங்கம்மா எந்திரிச்சி வந்துச்சி. ஒன்ன தோள்ல சாச்சிகினு மேடை ஓரத்துல நின்னுச்சி. மைக்கு செத்துப்போச்சி, சத்தமும் வரல. "சத்தமா சொல்லும்மா"ன்னு எவனோ கத்தறான். உங்கம்மா கத்தல. போவ இருந்தவங்கதான் கிட்ட வந்தாங்க. சேரத் தூக்கிகினு வந்து சுத்தி குந்திகினாங்க. "எம் புருசன் இன்னும் அங்கதான் கீறாரு. இவ பொறந்தத அவரு பாக்கல. திங்கக்கெழம செங்கல்பட்டு ஆபீசரு என்ன வரச் சொல்லிகீறாரு. தனியா போவ பயமா கீது. யார்னா கூட வர்றீங்களா?" அம்புட்டுதான். எறங்கிடுச்சி.

எனக்கு வெக்கமா பூட்ச்சி. இம்மா நேரம் நான் வரவேற்றேனே, உங்கம்மா பேர சொல்லல பாரு. சொல்லல! மறந்துட்டேன். பல்லவரு நெனப்பு வந்துது, அது வரல. அப்பால அபிஷேக் பசங்க மைக்கு கியிக்கு ஒண்ணியும் இல்லாம வாயாலயே பாடுனானுங்க. படகுக்காரரு கையத் தட்டி தாளம் போட்டாரு. நான் ஓரமா நின்னு சேர அடுக்கினு இருந்தேன்.

தோ, எட்டிப் பாரு கேட்டாண்ட. அன்னிக்கி இருந்த ஜனம்தான் இது. படகுக்காரரு வேலைய நிறுத்திட்டு ஆளுங்களோட வந்துகீறாரு. நாவலூரு பசங்க லீவு போட்டுட்டு வந்துகீறானுங்க. இட்லிக் கட சம்சாத் பேகம் பாரு, எல்லாருக்கும் நாஸ்தா கட்டிகினு வந்துகீது. உள்ள ஆபீசரு ஜன்னல்லேர்ந்து ரெண்டு தபா எட்டிப் பாத்துட்டாரு. பாக்கட்டும்… நல்லா பாக்கட்டும்.

நான் உள்ள போயிருந்தா இந்நேரம் ஆபீசரோட தாத்தாவ வரவேற்றுகினு இருந்திருப்பேன். உங்கம்மாவுக்கு தெரிஞ்சிகீது… இன்னா கண்ணு, கொட்டாவி வுடற? எல்லாரும் இப்டித்தான். ஆனா நீ ஒருத்திதான் மடியிலயே… அய்ய. தூங்கிட்டியா? நெசமாவா?

…கதவு தொறக்குதே. உங்கம்மா… கண்ணத் தொடைக்குது, சிரிக்கவும் சிரிக்குது. ஆபீசரே ஜீப்ப எட்க்கச் சொல்றாரு! சூளைக்குத்தான் போறாங்க, ஒங்கப்பன…

ஏய், கத்தாதீங்கப்பா! விசிலு அடிக்காதடா அபிஷேக்! …யாருப்பா நீ, டிவிக்காரனா? எங்க நீட்ற மைக்க? நானா? நான் பேசணுமா?

…மெதுவாடா டேய். கொழந்த இப்பதான் தூங்குச்சி. தோ, அந்தம்மா பேரு சின்னப்பொண்ணு. அவுங்களாண்ட போயி கேளு.