இருபத்தைந்து நிமிடச் சூடு

அவைக்கு அணியாகவும் அச்சத்துக்குக் காரணமாகவும் நடுவில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை இந்திராணி அம்மையார் அவர்களே! தராசையும் தமிழையும் ஒரே கையில் பிடித்து வேதியியல் நடத்தும் குமாரவேல் ஐயா அவர்களே! பிள்ளைகளின் படைப்பைப் பார்க்கப் பிழைப்பைத் தள்ளிவைத்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! என் அம்மாவுக்காக நான் துண்டு போட்டு வைத்தும் காலியாகவே கிடக்கும் மூன்றாம் வரிசை நாற்காலியே! பத்தாம் வகுப்பு மாணவி இளவரசியின் வணக்கம்.

இந்த அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு பெற்ற என் வெப்பப்பொதியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! "வெயில்ல வெந்துக்கினு இருக்கிற ஊர்ல சூட்டுப் பொட்டலம் யாருக்குமா?" என்று பின்னால் ஓர் அண்ணன் கேட்பது காதில் விழுகிறது. அதைச் சொல்லத்தான் அண்ணா வந்திருக்கிறேன்.

என் அம்மா வடிவு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறார். குளிரூட்டிய கூடத்தில் விடிய விடியக் கடுகளவு உதிரிப்பாகங்களைப் பொருத்தும் வேலை. காலை ஏழு நாற்பதுக்குக் கம்பெனி பஸ் அவரைச் செவிலிமேட்டில் இறக்கிவிடும்போது விரல்கள் மரத்துப் போயிருக்கும். நானோ ஏழேகாலுக்கே டவுன் பஸ் ஏறியிருப்பேன். எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு! மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து நான் திரும்புமுன் அவர் கிளம்பியிருப்பார். ஞாயிற்றுக்கிழமையா? நான் விழித்திருக்க, அவர் அசந்து தூங்குவார். ஒரே வீடு, ஒரே பூட்டு, இரண்டு சாவி! நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

"நால்வர் ஒரு குழு. வெப்பப்பொதி செய்யுங்கள், சோதியுங்கள், திருத்துங்கள்" என்றார் ஐயா. வகுப்பில் நாற்பத்தொரு பேர். மிஞ்சுவது யார்? வருட நடுவில் ஏனாத்தூரிலிருந்து வந்து சேர்ந்த நான்தான். குழுத் தலைவி நான், உறுப்பினர் நான், தலைவியோடு சண்டை போட வேண்டியவளும் நானே! இப்போது உங்களோடு சேர்ந்து நானும் சிரிக்கிறேன். அன்று அந்த மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தது வலித்தது.

அப்போதுதான் அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. நான் கிளம்பும்போது வைத்துவிட்டுப் போகும் சூடு, அவர் வரும்வரை தாங்க வேண்டும். இருபத்தைந்து நிமிடம்! முதலில் கால்சியம் குளோரைடில் தண்ணீர் ஊற்றினேன். சுரீரென்று சுட்டது, அம்மா வருவதற்குள் ஆறிவிட்டது. "இன்னா கண்ணு இது, பையில தண்ணி கட்டி வச்சிருக்கிற?" என்று எழுதியிருந்தார்.

அடுத்து இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், மரத்தூள், கொஞ்சம் தண்ணீர். காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கும்போது மெல்ல மெல்ல வெப்பம் விடும். அம்மாவுக்குக் கொடுப்பதைச் சாதாரணத் துணியிலா தைப்பேன்? காஞ்சிபுரத்துக்காரி அல்லவா! பக்கத்து வீட்டில் தறி நெய்யும் கமலவேணி அக்காவிடம் பட்டுத் துண்டு வாங்கி, இரண்டாக மடித்து, நெருக்கி நெருக்கித் தைத்தேன். வெப்பமானி அசையவே இல்லை! அக்கா அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "இவ்ளோ நெருக்கி அடிச்ச துணிய ரெண்டு மடிப்பு போட்டா காத்து எப்டிமா உள்ள போவும்? கல்யாணத்துக்குக் கட்டுறத கொண்டாந்து இதுக்குத் தைக்கிற! பழைய நூல் துண்ட எடு" என்றார்.

நூல் துண்டில் தைத்தேன். டப்பாவில் காற்றுப் படாமல் மூடி வைத்திருந்து, கிளம்பும்போது வெளியே எடுத்தால், இருபத்தைந்தாம் நிமிடத்தில் நாற்பத்தைந்து டிகிரி! சோதித்துக் காட்டியபோது வகுப்பே கைதட்டியது. மறுநாள் அம்மாவுக்கு வைத்துவிட்டு வந்தேன். மாலையில் ஓடிப்போய்த் தாளைப் புரட்டினேன். "நல்லா சூடா இருக்குதுமா. கைல வச்சிக்கினு ரொம்ப நேரம் உக்காந்துக்கினு இருந்தேன். நீ பக்கத்துல இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

அன்று அழுதேன், பெரியோர்களே. உப்பைத் திருத்தினேன், துணியைத் திருத்தினேன், தையலைத் திருத்தினேன். திருத்த வேண்டியது பொதியைத்தானா? ஒரு தாயையும் மகளையும் பிரித்து வைத்திருக்கும் அந்த இருபத்தைந்து நிமிடத்தைத் திருத்த எந்த ஆய்வகத்துக்குப் போவேன்? எந்த உப்பைச் சேர்ப்பேன்?

தலைமையாசிரியை அம்மா! கோப்பை பள்ளியின் அலமாரியிலேயே இருக்கட்டும். எனக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள், வியாழக்கிழமை மட்டும், காலைச் சிறப்பு வகுப்புக்கு விலக்குத் தாருங்கள். விட்ட பாடத்தை வெள்ளிக்கிழமை ஒப்பிக்காவிட்டால் வெளியே நிற்க வையுங்கள்!

கைதட்டாதீர்கள் தாய்மார்களே, கொஞ்சம் பொறுங்கள்! தலைமையாசிரியை அம்மா முகத்தைப் பாருங்கள். தலையசைக்கிறார்களா? அசைத்துவிட்டார்கள்! ஐயா, நீங்களும் பார்த்தீர்கள்தானே? இந்த அரங்கமே சாட்சி!

தனி மேசைக்காரியின் பேச்சுக்குக் காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வருகிற வியாழன் காலை ஏழு நாற்பதுக்குச் செவிலிமேடு நிறுத்தத்தில் நிற்பேன். கையில் பொதி இருக்காது. வணக்கம்.