மூச்சு வாங்கும் நோயாளி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் நர்சிங் படிக்கும் பெண்கள் இருவர் இருந்தார்கள்.

“நேத்து என்ன கொன்னுட்டியேடி!” என்றாள் ஒருத்தி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்கக் கேட்கத்தான் புரிந்தது, வகுப்பில் அவள் நோயாளியாக நடித்திருக்கிறாள், தோழி நர்ஸாக.

“மூச்சு வாங்குதுன்னு கத்தறேன், நீ கைய கழுவிக்கிட்டே நிக்கற.”

“பயத்துல எல்லாம் மறந்துபோச்சுடி. இன்னிக்கும் சொதப்புனா மேடம் வார்டுக்கு வுட மாட்டாங்க.”

“சரி, இப்ப மூச்சு வாங்குது. என்னா பண்ணுவ?”

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். கண்டக்டர் பதறித் திரும்பினார்.

“மொதல்ல நிமித்தி உக்கார வெப்பேன். ஆக்சிஜன் வெப்பேன். கைய புடிச்சிக்கிட்டு, பயப்படாதீங்கம்மான்னு சொல்லுவேன்.”

“யாரு பயப்படக் கூடாது? நானா, நீயா?”

“ரெண்டு பேரும்தான்டி!”