ஹுல்டா அத்தையின் கல்யாணப் பரிசு

— தலையை மட்டும் தூக்காதீங்க தம்பி. மத்தபடி எப்படி வேணும்னாலும் திருப்பிப் பாத்துக்கோங்க.

— அம்மா, தலையைத் தூக்காம நான் எப்படி விலை சொல்றது? இது மிட்டாய் வைக்கிற பொம்மை. இந்தச் சூனியக்காரியோட தலைதான் மூடி. பழம்பொருளுக்கு உள்ளே பாக்காம மதிப்புப் போட்டான் இந்த ப்ரூயிட்னு தெரிஞ்சா ஒஹாயோ முழுக்கச் சிரிப்பாங்க.

— அவர் பாக்கட்டும் ஆர்வில்லா. நூறு மைல் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கார் மனுஷன்.

— வரச் சொன்னது நீதான் லோவெல். புருஷன் கூப்பிட்டா பொண்டாட்டி விக்கணும்னு சட்டமா? எனக்கு இதை விக்கிற எண்ணமே இல்ல.

— சொல்றதைக் கேளு. நாப்பத்தெட்டு வருஷமா அலமாரி மேல் தட்டுல உக்காந்துக்கிட்டு இவ என்னை முறைக்கிறா. வித்தா ஒரு படகு வாங்கலாம். சின்னதா, ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி.

— எனக்குத் தண்ணின்னாலே ஆகாது.

— அதனாலதான் ரெண்டு பேர். நானும் மீனும்.

— அப்பப்பா! சார், அம்மா, சண்டையை ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அடியில பாருங்க. ஜெர்மனியில செஞ்சதுன்னு முத்திரை. அசல் காகிதக்கூழ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு, இருபத்தாறாம் வருஷத்துச் சரக்கு. மூக்கு நுனியை மட்டும் எலி ருசி பாத்திருக்கு. கையில துடைப்பம் இருந்திருக்கணும், அது காணோம். பரவாயில்ல. ஆமா, முகம் ஏன் இப்படிப் பளபளக்குது?

— நான்தான் துடைச்சேன். நீங்க வர்றீங்கன்னு மேசைக்குப் போடுற மெருகெண்ணெயை ஊத்தி ஒரு மணி நேரம் தேய்ச்சேன். எலுமிச்சை வாசம் வருதா?

— வருது சார். முன்னூறு டாலர் ஆவியாப் போற வாசம். இவளுக்குத் தூசிதான் சார் நகை, கரிதான் பவுடர். அழுக்கான சூனியக்காரிக்கு ஏலத்துல அடிச்சுக்குவாங்க. குளிச்ச சூனியக்காரியை எவன் சீந்துவான்?

— தொடாதேன்னு சொன்னேன் தம்பி. நான் சொல்லி எதை விட்டிருக்கார்? அந்தக் கோப்பையையும் சேத்துல்ல துடைச்சு வச்சிருக்கார்.

— அது என்ன கோப்பை சார்?

— எண்பத்தி நாலாம் வருஷம். பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்கிறதுல மாவட்டத்துக்கே முதல் பரிசு. சும்மா வரல. பதினோரு வாரம் அந்த ஆட்டக் கூடத்து மாடியிலயே தங்கிப் பயிற்சி எடுத்தேன்.

— பயிற்சியோட பேரு ட்ரூடி.

— அவ என்னோட ஜோடியா ஆடினவ ஆர்வி. அவ்வளவுதான்.

— நான் ஒண்ணும் சொல்லலையே. பேரைத்தானே சொன்னேன்.

— திரும்பி வந்துட்டேன்ல? அதுக்கப்புறம் அந்தப் பந்தைக் கையால தொட்டிருப்பேனா?

— சரி சார், பழசை விடுங்க. பழசுன்னா நான் மட்டும்தான் பேசணும். இப்படியே விலை சொன்னா ஆயிரத்து நூறு. ஆனா உள்ளே அந்தக் காலத்துல வச்ச மிட்டாய் அப்படியே இருந்துச்சுன்னா, ஆறாயிரம்.

— மிட்டாய்க்கா?

— மிட்டாய்க்குத்தான். போன வருஷம் இதே மாதிரி ஒரு பூனை ஏலத்துக்கு வந்துச்சு, வயித்துல ஏழு மிட்டாயோட. ரெண்டு பேர் கைகலந்துட்டாங்க. ஒருத்தருக்குப் பல் விழுந்துருச்சு. ஜெயிச்சவர் அந்தப் பல்லையும் எடுத்துப் பூனைக்குப் பக்கத்துல கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கார்.

— எத்தனை மிட்டாய் இருக்கணும் ப்ரூயிட்?

— எத்தனை இருந்தாலும் சரி. ஒண்ணுக்கு ஆயிரம்னு வச்சுக்கோங்க.

— ஒண்ணுக்கு ஆயிரமா?

— ஏன் லோவெல், முகம் அப்படிப் போகுது?

— ஒண்ணுமில்ல.

— லோவெல்.

— மூவாயிரம் டாலரைத் தின்னுட்டேன் ஆர்வி.

— என்னத்தைத் தின்னே?

— இதுக்குள்ள அஞ்சு இருந்துச்சு. மூணைத் தின்னேன்.

— எப்போ?

— நீ டோனட் வாங்கப் போயிருந்தேல்ல, அப்போ. தலை உள்ளேயும் துடைக்கலாம்னு தூக்கினேன். பளிச்னு கிடந்துச்சு. நான் என்ன பண்ணுவேன்? இன்னிக்கு ஹாலோவீனுக்குச் சாயங்காலம் வீடு வீடா வர்ற பிள்ளைங்களுக்கு வாங்கின மிட்டாய்ப் பையை நீ எண்ணி வச்சு ஸ்டேப்ளர் வேற அடிச்சு வச்சிருக்கே.

— உனக்குச் சர்க்கரை. அதனால அடிச்சேன். எத்தனை நிமிஷம் ஆச்சு?

— அரை மணி இருக்கும். ஏன்?

— கோட்டைப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

— மூணு மிட்டாய்க்கா? சர்க்கரை ஏறிச்சுன்னா நாலு தெரு நடந்து இறக்கிட்டு வர்றேன். ஆறு மணிக்குப் பிள்ளைங்க வந்துரும். வாசல் விளக்கு எரியலேன்னா இந்தத் தெருவுல நம்மளைக் கஞ்சப் பிசினாரின்னு பேசுவாங்க.

— பேசட்டும். கிளம்பு.

— அம்மா சொல்றதும் சரிதான் சார். தொண்ணூறு வருஷத்து மிட்டாய். கெட்டுப்போயிருக்காதா?

— யார்கிட்டச் சொல்றீங்க ப்ரூயிட்? முப்பது வருஷம்! இந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்துல மிட்டாய் சோதிச்சவன் நான். ஹாலோவீன் அன்னிக்கு வீடு வீடா வாங்கிட்டு, ஊர்ப் பிள்ளைங்க பூரா பையோட என் முன்னாடி வரிசையில நிக்கும். யாரோ ஊசி வச்சுட்டான், விஷம் வச்சுட்டான்னு டிவியில சொல்லிச் சொல்லியே ஜனங்களுக்குப் பயம். நான் பாத்து என் ஸ்டிக்கரை ஒட்டினாத்தான் அப்பன் ஆத்தா திங்க விடுவாங்க. முப்பது வருஷத்துல எத்தனை ஊசி கிடைச்சுது தெரியுமா?

— எத்தனை சார்?

— ஒண்ணு கூட இல்ல. அவ்வளவு கெடுபிடி நம்மகிட்ட.

— சந்தேகமா ஏதாவது வந்தா என்ன செய்வீங்க?

— தின்னு பாப்பேன்.

— தின்னு?

— வேற எப்படித் தெரியும்? முப்பது வருஷம் தின்னு பாத்திருக்கேன். சர்க்கரை வந்ததைத் தவிர ஒண்ணும் ஆகல. இதையும் முறைப்படிதான் சோதிச்சேன். காகிதம் இறுக்கமா முறுக்கியிருக்கா, இருக்கு. ஓட்டை இருக்கா, இல்ல. மோந்து பாத்தேன், நல்ல சோம்பு வாசம். மூக்குக்கண்ணாடி மட்டும்தான் கையில இல்ல. வாயில போட்டதும் இனிப்பு. கடைசியில லேசா ஒரு கசப்பு.

— கசந்துச்சா?

— லேசா. பழசுன்னா கசக்காதா?

— தம்பி, அந்தப் பொம்மையைக் கீழ வச்சுட்டு இவர் கையைப் பிடிங்க. வண்டி சாவி எங்கே லோவெல்?

— நான் வரல. என் சோதனையில தப்பு நடந்துச்சுன்னு ஊர்ல ஒரு பேச்சு வந்துச்சு, நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?

— சரி. நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. உன் அத்தை ஹுல்டா இருந்தாளே, அவ புருஷன் எமில் எப்படிச் செத்தார்?

— மாரடைப்பு. முப்பத்தொண்ணாம் வருஷம், ஹாலோவீன் அன்னிக்கு. பூசணிக்காய் செதுக்கிட்டு இருக்கும்போதே அதுக்குள்ளயே முகம் கவுந்துட்டாராம். அதுக்கு இப்ப என்ன?

— வாயில என்ன இருந்துச்சாம்?

— ஏதோ மிட்டாய்னு சொல்வாங்க.

— நம்ம கல்யாணத்தன்னிக்கு இந்தப் பொம்மையை என் கையில கொடுத்துட்டு ஹுல்டா என்ன சொன்னா தெரியுமா? "உள்ளே இருக்கிறதை நீ தின்னுடாதேடி. விருந்தாளிக்கும் வச்சுடாதே. புருஷன் அடங்கலேன்னா மட்டும் எடு"ன்னா.

— எங்க அத்தையா? தேவாலயத்துல நாப்பது வருஷம் பியானோ வாசிச்சவ!

— ரெண்டு வேலையும் ஒருத்தி பாக்கலாம்.

— இதையா இத்தனை வருஷம் என் தலைக்கு மேல அலமாரியில வச்சிருந்தே?

— சொந்தக்காரங்க கொடுத்த பரிசு. தூக்கியா எறியறது?

— அம்மா! அப்பப்பா, அம்மா! இதை அப்படியே ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? கொலைகாரி அத்தை, பூசணிக்காய்க்குள்ள விழுந்த புருஷன், மிச்சம் ரெண்டு மிட்டாய். பன்னெண்டாயிரம், கண்ணை மூடிக்கிட்டு. இப்போ சார் வேற தின்னுட்டார், அதனால...

— அதனால என்ன ப்ரூயிட்?

— ஒண்ணும் ஆகக் கூடாது சார். ஆண்டவன் காப்பாத்துவார். ஒருவேளை ஆச்சுன்னா, இருபதாயிரம்.

— இருபதா! ஆர்வி, படகுக்கு மோட்டாரே வச்சுரலாம்.

— யார் ஓட்டுவா?

— அட, ஆமால்ல. எனக்கு என்னமோ நாக்கு மரத்துப்போன மாதிரி இருக்கு. கோட்டு எங்கே? என் கோட்டைக் கொடு!

— போட்டுக்கோ. இந்தக் கை. அந்தக் கை.

— ஒரே நிமிஷம் அம்மா. மிட்டாய் நிஜமாவே அந்தக் காலத்ததான்னு நான் பாத்துடறேன். ஆஸ்பத்திரியில கேப்பாங்கல்ல?

— வேண்டாம் தம்பி. நேரமில்ல. நான் சொல்லிக்கிறேன்.

— பையிலயே புற ஊதா விளக்கு இருக்கு. சார், திரைச்சீலையை இழுங்க. கதை சொல்லி நூறு பேர் என்னை ஏமாத்தப் பாத்திருக்காங்க, இந்த விளக்கை ஒருத்தராலயும் ஏமாத்த முடியல. பழைய காகிதம்னா இதுல மங்கலாக் கிடக்கும். ஐம்பதுகளுக்கு அப்புறம் வந்த காகிதத்துல வெளுப்பு மருந்து கலந்திருக்கும், அது நீலமா ஜொலிக்கும். முதல்ல பொம்மை. பாத்தீங்களா? அடுப்புக்கரி மாதிரி இருட்டு. அசல், சந்தேகமே இல்ல. இப்போ மிட்டாய்.

— தம்பி, சொன்னாக் கேளுங்க.

— அடடா.

— என்ன அடடா? என்னய்யா அடடா? உசுரு போகுது, சொல்லும்!

— ஜொலிக்குது சார். கல்யாண வீட்டு விளக்கு மாதிரி ஜொலிக்குது. இது உங்க அத்தை வச்சது இல்ல. அவங்க காலத்துல இந்தக் காகிதமே கிடையாது.

— விஷம் இல்லியா?

— அத்தை விஷம் இல்ல. பன்னெண்டாயிரமும் இல்ல. மறுபடியும் ஆயிரத்து நூறுதான். இருங்க, முறுக்குக்கு அடியில வட்டமா ஏதோ ஒட்டியிருக்கு. எழுத்து வெளுத்துப்போச்சு, விளக்குல தெரியுது. "ஆஷ்க்ரீக் தீயணைப்பு நிலையம். சோதித்தாச்சு. எல். ரக்கர்ட்."

— எல். ரக்கர்ட் நான்தான்! என் ஸ்டிக்கர்! கண்ணாடியைக் கொடு, கண்ணாடியைக் கொடு! ஆமா, இது முதல்ல அடிச்ச ஸ்டிக்கர், ஓரத்துல சின்ன ஏணி போட்டிருக்கும். ஆர்வி, நான் சோதிச்ச மிட்டாய் இது! பாத்தியா? நாக்கு மரத்துச்சுன்னு சொன்னேனே, அதெல்லாம் மனசுல இருந்த பயம். இப்போ நாக்கு கூடச் சரியாயிருச்சு.

— கோட்டைக் கழட்டாதே லோவெல்.

— எதுக்குக் கோட்டு? எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. அத்தை கொடுத்ததை நீ எப்பவோ எடுத்துப் போட்டுட்டு, நிலையத்துல மிஞ்சின மிட்டாயை இதுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கே. என்னைத் திங்காதேன்னு ஸ்டேப்ளர் அடிச்சுட்டு நீ தனியாத் தின்னிருக்கே, கள்ளி!

— வண்டியில ஏறு. வழியில பேசிக்கலாம்.

— அம்மா இன்னும் உங்க கோட்டை விடாம இழுத்துப் பிடிச்சிருக்காங்க சார். பாவம், பயந்துட்டாங்க.

— அவளுக்கு என்மேல உசுரு ப்ரூயிட். வெளியில காட்டிக்க மாட்டா. இதோ பாரு ஆர்வி, உன் பயம் தெளியறதுக்கு உன் கண்ணு முன்னாடியே போடுறேன். நாலாவது. ம்ம். சோம்பு. சொல்றதைக் கேளு, என் ஸ்டிக்கர் ஒட்டின மிட்டாயில இன்னிக்கு வரைக்கும் எவனும் செத்ததில்ல.

— துப்பு! துப்பு லோவெல்! அத்தை கொடுத்தது அம்பது வருஷப் பழசு, வேலை செய்யாதுன்னு குப்பையில கொட்டிட்டு, நீ அந்த மாடியில ட்ரூடியோட இருந்த பதினோரு வாரத்துல, எலி மருந்து போட்டு நானே காய்ச்சினது இது. உன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா நீ யோசிக்காமத் திம்பேன்னு, நீ விட்டுட்டுப் போன சீருடைப் பையிலேர்ந்து அதை எடுத்து ஒட்டினேன், அதுக்குள்ள நீ திரும்பி வந்துட்டே, எனக்கும் கொடுக்க மனசு வரல. வா, வண்டியில ஏறு!