ஊர்ந்து மூடும் புண்

நெற்கதிர் சூடடிக்கும் காலத்தில் விசுவமடுவில் கண்ணில் உமி விழாத வீடு இராது, டொக்டர் அம்மா. என் மகள் பிரியந்தினிக்கும் விழுந்தது; வலக்கண்ணில்.

அங்கிருந்த வைத்தியர் பொறுமையாக விளக்கினார். கருவிழியின் மேற்படையிலுள்ள உயிரணுக்கள், தம்முள் இருக்கும் புரத இழைகளை நீட்டியும் சுருக்கியும், ஒன்றையொன்று விடாது பற்றி ஊர்ந்து புண்ணை மூடுமாம். பின்பு பெருகித் தடிக்குமாம். படைத்தவனின் திருவருளை எண்ணி அங்கேயே கைகூப்பினேன்.

"ஐயா, வீட்டில பழைய கண்மருந்து கிடந்தால் விட்டிடாதேங்கோ. சிவப்பைக் குறைக்கும், ஆனால் புண்ணை மூட விடாது. கண் போயிடும்" என்று எச்சரித்தார்.

எனக்குக் கண்புரை அறுத்தபோது தந்த மருந்து அலுமாரியில் இருந்தது.

அந்நாளில் வீட்டுக்கு ஒருவராகப் போருக்கு ஆள் சேர்த்தார்கள். தாயற்ற அவளையன்றி எனக்கு வேறு பிள்ளை இல்லை. மருந்தை அவள் கண்ணில் விட்டேன். "எரியுது அப்பா" என்பாள். "மாறுது பிள்ளை" என்று சொல்லிப் பதிகம் பாடுவேன். வலக்கண் சங்குபோல் வெளுத்தது.

ஆள் சேர்க்க வந்தவர்களில் ஒருவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "என்ன ஐயா, சுடேக்கை ஒரு கண்ணைப் பொத்தித்தானே சுடுறது. அடுத்த கிழமை வாறம்."

அவன் சொல்லில் நியாயம் இருந்தது. ஆனால் இடக்கண்ணில் புண் இல்லை. நெற்களத்திற்குச் சென்று நல்ல கூரான உமியாகப் பார்த்து எடுத்துவந்தேன். "மருந்து விடவேணும், கண்ணைத் திற பிள்ளை" என்றேன். திறந்தாள்.

மீண்டும் வந்தவர்கள் அவளைக் கண்டு வாசற் படலையோடு திரும்பினார்கள். பின்னர் நேர்ந்த இடப்பெயர்வுகளையெல்லாம் என் தோளைப் பற்றியபடியே அவள் கடந்தாள். இன்று இந்த வவுனியா முகாமில் உயிரோடு இருக்கிறாள். அதனைத் தாங்கள் மறத்தலாகாது.

தங்கள் வைத்தியத்தால் இடக்கண் ஆறத் தொடங்கியது. "அப்பா, உங்கட தாடி தெரியுது" என்று சிரித்தாள். அயற் கூடாரத்து யோகநாதன் அவளை மணம் பேசி வந்தான், பண்புள்ள பிள்ளை. அவளோ, "கண் தெரியட்டும், பிறகு ஓம் எண்டுவன். ஆளின்ர முகத்தைப் பாக்காமல் எப்பிடி?" என்றாள். "முகாமால விட்டவுடனை மன்னாருக்குப் போவம். நீங்களும் வாங்கோ மாமா" என்றான் அவன்.

ஆறிவந்த புண் ஏன் மறுபடி திறந்தது என்று கேட்டீர்கள். அந்தப் பழைய மருந்தை நான்தான் விட்டேன், இன்று காலையும் விட்டேன். அவளைக் கொண்டுபோக வந்துவிட்டார்கள், அம்மா. பெற்றவன் காப்பாற்ற வேண்டாமா?