நாலு லிட்டர் தண்ணீர்

எனக்கு எதையும் நேரத்துக்குச் செய்துதான் பழக்கம், ஐயா. காலை ஏழு என்றால் ஏழுதான். வாக்குமூலமாகவே எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் கணவருக்கு இதயம் பலவீனம். வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் ஓர் எடை மெஷின் கொடுத்தார்கள். தினமும் அவர் ஏறி நிற்க வேண்டும். நான் பொத்தானை அழுத்தினால் எண் நர்ஸுக்குப் போய்விடும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே கூப்பிட்டு மாத்திரையைக் கூட்டுவார்கள்.

முதல் மாதம் ஒருமுறை கூடியது. "உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சாம்மா?" என்று நர்ஸ் தன்மையாகத்தான் கேட்டார். ஸ்பீக்கரில் இவரும் கேட்டுவிட்டார். "இவ கை வச்ச காரியம் எது உருப்பட்டிருக்கு?" என்றார். முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்டுக் காது புளித்த பேச்சுதான். ஆனால் வெளியாள் காதில் விழும்படி சொன்னது அன்றுதான்.

அடுத்த முறை ஏறியபோது அறுபத்தெட்டு காட்டியது, நான் பொத்தானை அழுத்தவில்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எண் தெரியாது.

"எவ்வளவுடி?"

"அறுபத்தாறுதாங்க."

அவர் நாற்காலிக்குப் போனதும் நான் ஏறி நின்றேன். நான் அறுபத்திரண்டு கிலோ. கையில் நாலு லிட்டர் தண்ணீர்க் கேன். சந்தேகம் வரக்கூடாதே என்று சில நாள் ஒரு டம்ளர் குறைத்துக்கொள்வேன்.

திங்கட்கிழமைதோறும் நர்ஸ் கூப்பிடுவார், அந்த வாரமும் கூப்பிட்டார். "நம்பரெல்லாம் அருமையா இருக்கும்மா. உங்கள மாதிரி பாத்துக்க ஆள் கிடைக்கணும்." ஸ்பீக்கரில் இவரும் அதைக் கேட்டார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அவர் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே தூங்கினார்.

"நர்ஸ் என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சரியா இருக்காம்."

"அப்ப சரி" என்பார், என்னை நம்பி. அந்த "அப்ப சரி" இன்று வரை எனக்குச் சோறு இறங்க விடவில்லை. ஒரு போன் செய்திருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். அடுத்த திங்கள் பாராட்டும் வந்துபோகட்டும் என்று வைத்துவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை ஆறரைக்கு வெந்நீர் கொண்டுபோனேன். நாற்காலியிலேயே உடம்பு சில்லிட்டிருந்தது. காலடியில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை, ஐயா.

மணி ஏழானது. எழுந்துபோய்க் கேனை நிரப்பி, ஏறி நின்று, பொத்தானை அழுத்தினேன். சற்று நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு, அவர் காதருகே வைத்தேன்.