பையன் மட்டும் போதும்

எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்த வேண்டாம், இந்தக் கதையில் இருட்டுக்கு வேலையே இல்லை. இது நடந்தது மத்தியானம். மூன்று மணி வெயில்... ஊருக்கு வெளியே ஒரு நேர் ரோடு... இரண்டு பக்கமும் காலி மனைகள், கம்பி வேலி, நட்டு வைத்த எல்லைக் கல். ஈ காக்கை இல்லை. அந்த ரோட்டில் ஒருவர் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருக்கிறார். காலுக்கு நடுவே, பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு படம்.

அவர் என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரர். பேரெல்லாம் எதற்கு... நாங்கள் பென்சில்காரர் என்போம். தொழில், நாய்ப் படம் வரைவது. சிரிக்காதீர்கள். வீட்டில் வளர்த்த நாயின் போட்டோவை அனுப்பினால் வெறும் பென்சிலில் அச்சு அசலாக வரைந்து கொடுப்பார். மூக்கு ஈரம்கூடத் தெரியும். ஆனால் நாய் மட்டும்தான். மனுஷ முகம் அவருக்கு வராது. ஒரு தடவை ஆசைப்பட்டு மாமனாரை வரைந்து கொடுத்தார்... அதற்கப்புறம் மாமனார் ரொம்ப நாள் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு பேச்சுவழக்கு உண்டு. நாயை யாரும் நாய் என்று சொல்ல மாட்டார்கள். பையன், பாப்பா, எங்க சின்னவன், எங்க மகாராணி... “எங்க பையன் பக்கத்து வீட்டுக் கார் சக்கரத்துல காலைத் தூக்கிட்டான் சார், ஒரே சண்டை” என்று ஒரு அம்மா போனில் சொல்ல, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பென்சில்காரர் மனைவி வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டாள். முதலில் அவரும் முழித்தார். அப்புறம் அந்தப் பேச்சு அவருக்கே ஒட்டிக்கொண்டது. பையனுக்கு எத்தனை வயசு, பாப்பா கடிக்குமா என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. யாராவது கேட்டால், “எங்க வீட்ல சுவர் பூரா பிள்ளைங்கதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விடுவாள். போனவள் கொஞ்ச நேரம் வெளியே வர மாட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருகிற போட்டோக்களில் முக்கால்வாசியில் நாயோடு ஓர் ஆளும் இருப்பார், கட்டிப் பிடித்துக்கொண்டு. அதனால் எல்லாரிடமும் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஆளை விட்டுவிடலாமா, பையன் மட்டும் போதுமா? எல்லாரும் சொல்கிற பதிலும் ஒன்றுதான்.

அப்படி ஒரு போன் வந்தது. பெண் குரல்.

“நீங்க போட்டோவைப் பார்த்து அப்படியே வரைவீங்களாமே சார். பையன் போயி ரெண்டு வருஷமாச்சு. சிரிக்கிற மாதிரி போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு...”

குரல் உடைந்துவிட்டது. படம் வந்தது. பழுப்பு நிற நாய், ஒரு காது மடங்கி, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அதன் கழுத்தை இடது கையால் வளைத்துப் பிடித்தபடி ஆறு வயசு மதிக்கத்தக்க ஒரு பிள்ளை. நாயின் தலைக்குப் பக்கத்தில் கண்ணை இடுக்கிச் சிரிக்கிறான்.

பென்சில்காரர் வழக்கம்போலக் கேட்டார். “பையன் மட்டும் போதுமாம்மா?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஆமா சார். பையன் மட்டும் போதும்.”

நாயைப் பறிகொடுத்த எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். பாவம் என்று நினைத்துக்கொண்டார். போட்டோவை அச்சு எடுத்து, மேஜை மேல் ஒட்டி, வேலையை ஆரம்பித்தார். கண், மூக்கு, மடங்கின காது... எல்லாம் தண்ணி பட்ட பாடு. கழுத்துக்கு வந்தபோதுதான் சிக்கல். அங்கே பிள்ளையின் கை இருக்கிறது. கையை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு முடி வேண்டும். போட்டோவில் இல்லாத முடி. அவரே கற்பனை பண்ணி ஒவ்வொரு இழையாகப் போட வேண்டும். சர்... சர்... சர்... வேரிலிருந்து நுனிக்கு, சின்னச் சின்னக் கோடு.

வழக்கமாக ஒரு மணி நேர வேலை. அன்றைக்கு நகரவே இல்லை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் போட்ட கோடெல்லாம் வழுக்கியது, மெழுகில் எழுதினாற்போல. ரப்பரால் அழித்துத் திரும்பப் போட்டார். காகிதத்தில் கை வைத்தால் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பு... சோப்பு வாசனை வேறு. குளித்து முடித்த குழந்தை மேல் வருமே, அது. மனைவி துணி காயப் போட்டிருப்பாள் என்று நினைத்தார். நல்ல கறுப்பாக எழுதுகிற ஆறு பி பென்சிலை நன்றாகச் சீவி, அழுத்தி, ஒரே மூச்சாக அந்தக் கை இருந்த இடம் முழுக்க முடியை நிரப்பிவிட்டார். சோப்பு வாசனை நின்றது. வெதுவெதுப்பும் போனது.

அந்தப் படத்தைக் கொடுக்கத்தான் அந்த மூன்று மணி வெயிலில் போனார்.

ரோட்டின் கடைசியில் ஒற்றை வீடு. பச்சைக் கேட்டு. வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கேட்டில் கை வைத்தார். உள்ளேயிருந்து ஒரு நாய் ஓடி வந்தது.

பழுப்பு நிறம். ஒரு காது மடங்கி.

 மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சம் வரைக்கும் அவர் வரைந்த அதே நாய். அது குரைக்கவில்லை. அவர் பேன்ட்டை மோந்தது... கையை மோந்தது... விரல் நுனியில் ஒட்டியிருந்த பென்சில் கரியை நக்கிப் பார்த்துவிட்டு, மெல்லிசாக ஊளையிட்டது. அந்த அம்மா பின்னாலேயே வந்தாள். முப்பது வயசு இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“ஒண்ணும் பண்ணாது, உள்ள வாங்க சார். நாலு நாளா இது இப்படித்தான். சாப்பிடாம யாரையோ தேடுது.”

படத்தை அவள் கையில் கொடுத்தாரே தவிர, அவருக்குள் ஏதோ புரிய ஆரம்பித்துவிட்டது. பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. அவள் உட்கார்ந்து, மடியில் வைத்து, நூலை அவிழ்த்து, காகிதத்தைக் கிழிக்காமல் பிரித்தாள். பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். காகிதத்துக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள்.

“பையன் எங்க சார்?”

அவர் நாயைப் பார்த்தார்.

“அது நாய் சார். நாங்க நாயை நாய்னுதான் சொல்லுவோம்.” அவள் விரல் படத்தில் கழுத்து இருந்த இடத்தைத் தடவியது. “இங்கதானே கை இருந்துச்சு? கையைக்கூடக் காணோமே...”

அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். திட்டவில்லை. அவரைக் கூட்டிப்போய்ப் பையனின் அறையைக் காட்டினாள். சின்னக் கட்டில், மடித்த சட்டைகள், ஒரு ஜோடி செருப்பு. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், திரும்பி வரவில்லை. பையா, பையா என்றுதான் கூப்பிடுவாளாம். வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டானாம்.  தனக்கு மனுஷ முகம் வராது என்று சொல்ல வாயெடுத்த பென்சில்காரர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வரைஞ்சு எடுத்துட்டு வர்றேம்மா, நிச்சயமா” என்றார். நாய்ப் படத்தை அவள் அங்கேயே வைத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார்.

நேராக மேஜைக்குப் போனார். புதுக் காகிதம் எடுத்தார். போட்டோவைப் பார்த்தார்.

நாய் மட்டும் இருந்தது.

கை இருந்த இடத்தில் முடி. சாதாரண முடி இல்லை... அவர் கற்பனை பண்ணிப் போட்ட அதே முடி, இழைக்கு இழை. முகம் இருந்த இடத்தில் வெறும் சுவர். போனை எடுத்துப் பார்த்தார். அதிலும் அப்படியே. அழித்து எழுதின கோட்டுக்கு அடியில் தடம் தெரியுமே, அதுகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஞாபகத்திலிருந்து வரையப் பார்த்தார். ராத்திரி பூரா குப்பைக்கூடை நிரம்பியதுதான் மிச்சம். எந்த முகத்தை ஆரம்பித்தாலும் கடைசியில் காது மடங்கிவிடும்.

மறுநாள் அதே மூன்று மணி வெயிலில் அதே ரோட்டில் போனார். வேறு போட்டோ ஏதாவது இருக்கும், பள்ளிக்கூடத்தில் எடுத்ததாவது இருக்கும்... காலில் விழுந்தாவது வாங்கி வந்துவிட வேண்டும் என்று.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கூடத்தில் நடுநாயகமாக அவர் வரைந்த படம், அதற்குள் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

“வாங்க சார், பார்த்தீங்களா? பையன் அப்படியே உயிரோட இருக்கான்னு எல்லாரும் சொல்றாங்க.”

“அம்மா... உங்க பையன் போட்டோ வேற ஏதாச்சும்...”

“இவனா? இவன் எங்க நின்னு போஸ் குடுத்தான்.” நாயின் முதுகைத் தட்டினாள். “பையா, சாருக்கு வணக்கம் சொல்லுடா.”

நாய் அசையவில்லை.

அவர் மெதுவாகச் சொன்னார். ஆறு வயசுப் பிள்ளை, காய்ச்சல், கட்டில்... அவள் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், வருத்தமாகவே சொன்னாள். “எங்களுக்குக் குழந்தை இல்லையே சார். யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க.” அறைக் கதவைத் தள்ளிக் காட்டினாள். தையல் மெஷின், பழைய நாற்காலிகள், ஒரு மூட்டைத் துணி. எல்லாவற்றின் மேலும் பல வருஷத் தூசி. அந்த அறைக்குள் நாய் மட்டும் போய், கட்டில் இருந்த இடத்தில், வெறும் தரையில் படுத்தது.

இந்த உலகத்தில் அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்ள ஒரு நாயும், அவனை அழித்தவரும்தான் பாக்கி. சத்தம் போட்டு அழ வேண்டும்போல் இருந்தது அவருக்கு. யாரிடம் அழுவது?

வண்டியைக் கிளப்பினார். அதே ரோடு, அதே வெயில். பாதி தூரம் வந்திருப்பார்... வண்டி கொஞ்சம் தாழ்ந்தது. பின் சீட்டில் கனம். சோப்பு வாசனை. இரண்டு சின்னக் கைகள் பின்னாலிருந்து அவர் இடுப்பை வளைத்துப் பிடித்தன. பயந்த பிடி, விட்டால் விழுந்துவிடுவேன் என்கிற பிடி. அவர் திரும்பவில்லை. நிறுத்தவும் இல்லை. மெதுவாக ஓட்டினார், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் கேட்டைத் திறந்தாள்.

“ஏங்க, வெயில்ல எதுக்கு அவனையும் இழுத்துட்டுப் போனீங்க? முகமெல்லாம் எப்படிச் சிவந்து போச்சு பாருங்க.” இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “வாடா பையா, தண்ணி குடிக்கலாம்.”

உள்ளே போனால் அறையில் சின்னக் கட்டில் இருக்கிறது. மடித்த சட்டைகள் இருக்கின்றன. அவள் பாட்டுப் பாடிக்கொண்டே பையனுக்குத் தலை துவட்டுகிறாள். அவளுக்குப் பாட வரும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். இது நம் பிள்ளை இல்லை என்று எப்படிச் சொல்வார்? சொன்னால் இவள் நொறுங்கிப் போய்விடுவாள்... சொல்லாவிட்டால் அங்கே ஒருத்தி, பெற்ற பிள்ளையை மறந்துவிட்டுப் படத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சில நாள் தூங்காமல் கிடந்தார். கடைசியில் ஒருநாள் மனைவியிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டு, பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பச்சைக் கேட்டுக்குப் போனார். பார்த்தால் தெரிந்துவிடும். பெற்ற கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா?

நாய்தான் முதலில் வந்தது. வாலை ஆட்டி, சுற்றிச் சுற்றி வந்து, மூச்சு வாங்க அழுதது. பையன் உட்கார்ந்து இடது கையால் அதன் கழுத்தை வளைத்துக்கொண்டான். அந்த அம்மா வாசலில் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். 

“உங்க பையனா சார்?” என்றாள். “அப்படியே உங்க ஜாடை.”

அவர் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வார்? பையனைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார். வண்டி நகர்ந்ததும் நாயும் கேட்டைத் தாண்டி ஓடி வந்தது, தலைதெறிக்க. பின்னால் அவள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

“பையா... எங்கடா ஓடுற? வீட்டுக்கு வாடா பையா...”

நாய் திரும்பவில்லை. பின் சீட்டில் இருந்தவன் திரும்பினான்.